முப்பத்து நாலில் ஏழு

சிவப்பு முக்கோணம் முதலில் எரிந்தது
சேரன்மகாதேவி ரயில்வே கேட்டில்,
செங்கோட்டை வண்டிக்காகக் காத்து நிற்கையில்.
கேட் திறந்தது. பின்னால் லோடு ஆட்டோக்காரன்
ஆரனில் வைத்த கையை எடுக்கவில்லை.
பேட்டரி கைவிட, பெட்ரோலில் மட்டும் இருமி இருமி
அம்பாசமுத்திரம் போய்ச் சேர்ந்தேன்.
நகைக்கடன் வரிசை அதற்குள் படி இறங்கியிருந்தது.

புறவழிச்சாலைக் கம்பெனி சர்வீஸில்
டை கட்டிய பையன் காபி தந்து சொன்னான்:
பேட்டரி முழுசா மாத்தணும் மேடம்,
மூணு லட்சத்து எண்பதாயிரம்.
வரி தனி.
வண்டியை விற்றால் என்ன வரும் என்றேன்.
ஒன்று முப்பது. அதுவும் உங்களுக்காக.

வீட்டில் ஞானதுரை அன்றைக்கே
ஒரு டீசல் வண்டியின் படத்தை
ஃபோனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிக் காட்டினார்.
பதினோரு வருசம் ஓடிட்டு, இன்னும் என்னட்டி,
சவத்தத் தள்ளி விடு.
பூனாவிலிருந்து மகன் அட்டவணை அனுப்பினான்,
ஐந்து வருடத்துக்கு, மூன்று நிறத்தில்.
மூன்று நிறமும் விற்கச் சொல்லின.

மேலப்பாளையத்தில் மைதீன்பிச்சை
பின் சீட்டைக் கழற்றினார்.
ரப்பர் கையுறை. ஆரஞ்சு வயர்.
தள்ளி நில்லுங்கக்கா, இது இருநூறு வோல்ட்டுக்கு மேல.
முப்பத்து நாலு செல்லையும்
சட்டைப் பொத்தான் சரிபார்ப்பது போலத் தொட்டுப் போய்
ஏழில் மட்டும் சாக்பீஸால் பெருக்கல் போட்டார்.
ஏழும் அடுத்தடுத்து.
ஏன் என்று கேட்கும் முன்
காற்று இழுக்கும் வலையை உருவிக் காட்டினார்:
கம்பளி மாதிரி ஒரு பட்டை,
செம்பட்டை முடி.

நாய் வளத்தீங்களாக்கா?

சோடா.
முன்னீர்பள்ளம் விலக்கில் கிடைத்த குட்டி.
எட்டு வருடம் பின் சீட்டின் இடது ஓரத்தில்
அந்த வலையில் வயிற்றை ஒட்டித்தான் படுக்கும்.
போன சித்திரையில் போய்விட்டது.
சீட் உறையை அன்றே மாற்றினோம்,
அதன் தட்டை யாருக்கோ கொடுத்தோம்.
அதற்குப் பிறகும் ஒரு வருடம்
இங்கே காற்றை மறித்துக்கொண்டு
அது படுத்தே இருந்திருக்கிறது.

ஏழு மாற்ற நாற்பத்தாறாயிரம்.
மத்தது எப்ப போகும்னு சொல்ல மாட்டேன்.
ஒரு வருசம் ஓடும், மூணும் ஓடலாம்.
நாளைக்கே நின்னாலும் என்னய ஏசப்படாது.
அதைச் சொன்னதற்காகவே
அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன்.

ராத்திரி பழைய பாஸ்புக்கின் பின்னட்டையில்
கணக்குப் போட்டேன்.
ஓய்வுக்கு இன்னும் இருபத்தாறு மாதம்.
போக வர எழுபத்தாறு கிலோமீட்டர்.
லிட்டருக்குப் பதினெட்டு.
புது வண்டியின் தவணையோ
நான் ஓய்ந்த பிறகும் மூன்று வருடம் ஓயாது.
கணக்கு நன்றாகத்தான் வந்தது.
ரொம்ப நன்றாக வந்தது,
அதுதான் உறுத்தியது.

முப்பது வருடம் கடன் மேஜையில் இருந்தவள் நான்.
எண்களை மளமளவென்று ஒப்பிப்பவர்கள்
காரணத்தைச் சொல்வது
எழுந்து போகும்போதுதான்,
கதவில் ஒரு கையை வைத்துக்கொண்டு.

ஏழை மட்டும் மாத்துங்க என்றேன்.
முன்பணம் எண்ணிக் கொடுத்தேன். ரசீது வாங்கினேன்.
ஷெட் வாசல் வரை போய்,
ஷட்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு,
அந்த முடி எங்கே இருக்கு என்று கேட்டேன்.

அத அன்னைக்கே ஊதி விட்டுட்டேனேக்கா,
கம்ப்ரசர் குழாயைக் காட்டினார்.
ஷெட்டுக்குப் பின்னால் வாய்க்கால்.
வேணுமாயிருந்துதா?
இல்ல, சும்மாதான் கேட்டேன்.

சனிக்கிழமை வண்டி வந்தது.
ஞானதுரை கூட ஏறி உட்கார்ந்தார்,
குறை கண்டுபிடிக்க.
பொத்தானை அழுத்தினேன்.
சத்தமே இல்லை.
ஸ்டார்ட் ஆச்சா இல்லியா, என்றார்,
பதினோரு வருடமாகக் கேட்பதைப் போல.
பொறுங்க, என்றேன்.
எனக்கும் அந்த முதல் நொடியில்
ஒருநாளும் தெரிந்ததில்லை.